சாயநீரும் பங்குத்தொகையும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கதையைக் கைத்தறி நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் ஒரு கூட்டுறவு மாத இதழில் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று அங்கத்தினர்கள் சிலர் வினவக்கூடும். பனியன் தொழில் நமது தொழிலன்று. அதன் முதலாளிகள் நமது சங்கங்களில் அங்கத்தினர்களும் அல்லர். ஆயினும், ஒரு சிறிய ஊர் தன் சொந்தப் பணத்தைத் திரட்டித் தொழில் நகரமாக வளர்ந்ததும், அந்தத் திரட்டலின் கணக்கில் ஒரு சாராரைச் சேர்க்காது விட்டதால் ஒரே நாளில் முடங்கியதும், மறுபடியும் கூட்டாகப் பணம் போட்டுப் பிழைத்து எழுந்ததும் நம் கண்ணெதிரே நிகழ்ந்தவை. நூலுக்குச் சாயம் ஏற்றுவோரும் வாய்க்கால் நீரை வயலுக்குப் பாய்ச்சுவோரும் அடுத்தடுத்த வீதிகளில் வாழும் ஈரோடு, பவானி வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பினை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திருப்பூரின் வளர்ச்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை. காதி இயக்க காலத்தில் கதருக்குப் பெயர்பெற்ற ஊர். அக்காலத்திலேயே பின்னலாடைத் தொழிலும் அங்கே கால் ஊன்றிற்று. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து பட்டறைகளில் கைவேலை செய்தவர்களே, நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து, ஒருவர் நிலத்தின்மேல் வாங்கிய கடன், ஒருவர் சீட்டு எடுத்த தொகை, ஒருவர் மனைவியின் நகை என்று ஒன்று சேர்த்துப் பட்டறை வைத்தார்கள். பம்பாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ பெருமுதலாளி எவரும் வந்து அந்த ஊரை எழுப்பவில்லை. 1970-களின் பிற்பகுதியில் வெளிநாட்டு வியாபாரம் தொடங்கியது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் ஏற்பட்டது. 2024-25-ஆம் ஆண்டில் அந்நகரின் ஏற்றுமதி ஏறக்குறைய ரூ. 40,000 கோடியை எட்டியது. கொங்கு நாட்டின் கூட்டு முதலீட்டுக்கு இதனினும் பெரிய சான்று காட்ட இயலாது.

தண்ணீர் விஷயத்திலும் அந்நகரம் கூட்டாகவே செயல்பட்டது. துணிக்குச் சாயமிட நல்ல நீர் வேண்டும். உள்ளூர்க் கிணறுகள் அதற்குப் போதவில்லை. லாரித் தண்ணீரை நம்பிப் பட்டறைகள் நடந்தன. இந்நிலையில் மாநில அரசும், ஒரு நிதி நிறுவனமும், ஏற்றுமதியாளர் சங்கமும் கூட்டாக ஒரு கழகத்தை அமைத்தன. ரூ. 1,023 கோடிச் செலவில் நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீர் கொண்டுவரும் திட்டம் 2005-இல் நிறைவேறியது. உள்ளே வரும் நீருக்கு இவ்வளவு சிந்தனையும் இவ்வளவு பணமும் செலவாயின. வெளியே போகும் நீரைப் பற்றி எவ்வளவு சிந்தித்தார்கள் என்பதை நொய்யல் கரையில் நடந்தால் அறியலாம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து கொடுமுடிக்கு அப்பால் காவிரியில் கலக்கும் அந்த ஆற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் அளிப்பதே அதன் நோக்கம். நாலைந்து ஆண்டுகளுக்குள் அந்த அணை சாயக் கழிவுநீர்த் தொட்டியாக மாறியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயி கேட்பது உலக இயல்பு. அணையைத் திறக்காதீர்கள், அந்த நீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று விவசாயி மன்றாடியது ஒரத்துப்பாளையத்தில்தான். கிணற்றுநீர் உப்பானது. தென்னை குரும்பை உதிர்த்தது. மாடுகள் அந்நீரைக் குடிக்க மறுத்தன. நிலத்தை விற்கலாம் என்றாலும் வாங்குவார் இல்லை.

இங்கே சாயத் தொழிலின் நுட்பத்தைச் சிறிது கூற வேண்டும். ஏனெனில் பிழை எங்கே நேர்ந்தது என்பது அதில்தான் இருக்கிறது. பருத்தி நூலில் சாயம் நன்றாகப் பற்றுவதற்குத் தொட்டியில் கறியுப்போ கிளாபர் உப்போ மிகுதியாகப் போடுகிறார்கள். சாயத்தை நூல் ஏற்றுக்கொள்கிறது, உப்பை ஏற்பதில்லை. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே போகிறது. கண்ணுக்குத் தெரிவது நிறமாதலால் மக்கள் நிறத்தைக் கண்டு அஞ்சினர். ஆனால் மண்ணைக் கெடுத்தது முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத உப்பேயாகும்.

1990-களின் இறுதியில் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் பட்டறைக்காரர்கள் பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். பங்குத்தொகை, வங்கிக் கடன், அரசு மானியம் என்று கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது. அந்த நிலையங்கள் நிறத்தைப் பெருமளவு நீக்கின. அழுகும் பொருள்களையும் குறைத்தன. உப்பு மாத்திரம் வந்தபடியே வெளியேறிற்று. கஞ்சியை எத்தனை துணியில் வடிகட்டினாலும் கரிப்புப் போகாதன்றோ! லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கலாகாது என்பது விதி. அந்த விதி ஏட்டளவில் இருந்தது. நிலையத்தைத் திட்டமிட்ட பேரவையில் கீழ்மடை விவசாயி ஒருவராவது அமர்ந்திருப்பாராயின், முதல் நாளே அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, "உப்பு என்ன ஆகும்?" என்பதுதான். அவருக்கு அங்கே ஆசனம் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை அவர் நீதிமன்றத்தில் கேட்டார்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கு நம் மாவட்டங்களின் பொருளாதார வரலாற்றில் இடம்பெறத்தக்கது. 2004-இல், சுற்றுச்சூழல் இழப்புக்கான அதிகார அமைப்பு, 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ ரூ. 24 கோடியே 80 இலட்சம் இழப்பீடு கணக்கிட்டது. தொகை பெரிதாகத் தோன்றலாம். கணக்குப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் வகுத்துப் பார்த்தேன். ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணற்றைத் தூர்வாரவும் அது காணாது. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையை ஏற்படுத்தும்படி கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசுக் கணக்கில் தொகை செலுத்தவும் ஆணையிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றமும் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயத்தை நிலைநாட்டியது. கெடுக்கள் கடந்தன. 2011 ஜனவரி 28-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது.

எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றால் தையல் நிற்கும். தையல் நின்றால் பொத்தான் தைக்கும் பெண்ணுக்கும் வேலை இல்லை. துணியை லூதியானாவுக்கும் அகமதாபாதுக்கும் அனுப்பிச் சாயம் ஏற்றி வாங்கினார்கள். வெளியூர்த் தொழிலாளர் ரயில் ஏறினர். தண்ணீர் வாங்குவோர் குறைந்ததால் ஆயிரம் கோடியில் கட்டிய நீர்த் திட்டமும் தள்ளாடியது. இன்னொன்றும் நடந்தது, அது நம்மைச் சார்ந்தது. திருப்பூரில் மூடப்பட்ட வேலையில் ஒரு பகுதி இரவோடிரவாக ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கங்களில் உரிமம் இல்லாத பட்டறைகளுக்கு இடம்பெயர்ந்தது. நொய்யலுக்கு வந்த கேடு பவானிக்கும் காவிரிக்கும் பங்கிட்டு அளிக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பின்னர் திருப்பூர் எழுந்த விதம் பாராட்டத்தக்கது. அதைப் பாராட்டாமல் குறையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. மாநில அரசு 2011-இல் சுமார் ரூ. 200 கோடி வட்டியில்லாக் கடன் வழங்க முன்வந்தது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த பட்டறைக்காரர்கள் மேலும் பங்குத்தொகை போட்டார்கள். கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. முறை வந்தது. எஞ்சிய கடும் உப்புநீரை முழுவதும் காய்ச்சி வற்றச் செய்வதென்றால் விறகுச் செலவே தொழிலை விழுங்கிவிடும். அருள்புரம் நிலையத்தில் வேறொரு வழி காணப்பட்டது. அந்த உப்புநீரின் நிறத்தை நீக்கி, அதையே மறுபடியும் சாயத்தொட்டிக்கு அனுப்பினார்கள். வெளியே போய் வயலைக் கெடுத்த உப்பு, இப்போது பட்டறைக்காரன் விலை கொடுத்து வாங்க வேண்டிய உப்பை மிச்சப்படுத்தும் சரக்காயிற்று. பிற நிலையங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இன்று 18 பொது நிலையங்கள் இயங்குகின்றன. கழிவுநீரின் பெரும்பங்கு நீராகவே திரும்பப் பயன்படுகிறது. துணி ஏற்றுமதி செய்யும் வேறு நாடுகளிலிருந்து இம்முறையைக் காண வருகிறார்கள் என்றால், அது திருப்பூர்க்காரர்களின் உழைப்புக்கும் துணிவுக்கும் கிடைத்த மதிப்பேயாகும்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. அந்த நிலையங்கள் கம்பெனிச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. பங்குதாரர்கள் சாயப்பட்டறைக்காரர்கள், பங்குக்கேற்பக் கழிவுநீர் அளவு, பங்குக்கேற்ப வாக்கு. கீழ்மடை விவசாயி அன்றும் அயலார், இன்றும் அயலார். ஒரு வால்வு இரவில் திறக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்கு அவருக்கு உரிமையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதலாம், அவ்வளவே. ஏதேனும் ஓர் இடத்தில் ஆற்றில் நுரை கண்டால் மறுபடியும் சந்தேகம், மறுபடியும் போராட்டம், மறுபடியும் வழக்கு. பணத்தைச் சேர்த்தவர்கள் நம்பிக்கையைச் சேர்க்க மறந்தார்கள் என்பதே எனது குற்றச்சாட்டு.

இனி நமது வட்டாரத்துக்கு வருவோம். பவானி ஆறு காவிரியோடு கூடுமிடத்துக்குச் சற்று மேலே புறப்பட்டு, ஈரோட்டை ஒட்டிச் சென்று, கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காளிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. 15,743 ஏக்கர் நிலம் அதனால் பயிராகிறது. மஞ்சளும் கரும்பும் வாழையும் நெல்லும் அதன் கொடை. அந்த வாய்க்காலின் கரையில் சாயப்பட்டறைகளும் தோல் பட்டறைகளும் வரிசையாக எழுந்து, அவற்றின் கழிவு அதில் கலந்த வரலாறு யாவரும் அறிந்ததே. கழிவுநீர் வாய்க்காலில் கலவாதிருக்கப் பக்கத்திலேயே ஒரு 'பேபி' வாய்க்கால் கட்டினார்கள். கழிவை ஓரிடத்திலிருந்து விலக்கி மற்றோரிடத்துக்கு ஓட்டுவது சுத்திகரிப்பு ஆகாது. ஈரோட்டுக்கும் பவானிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்ற பேச்சு எழுந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அரசு வரட்டும் என்று பட்டறைக்காரர் காத்திருக்கிறார். நீதிமன்றம் வரட்டும் என்று விவசாயி காத்திருக்கிறார். திருப்பூரில் முதலில் வந்தது நீதிமன்றம் என்பதை இருவரும் நினைவுகூர வேண்டும்.

ஒரு கூட்டுறவு நிலையத்தை நாமே அமைத்தால் என்ன? மத்திய அரசு 2013-இல் வகுத்த ஜவுளிப் பதனிடு மேம்பாட்டுத் திட்டத்தில் செலவு எவ்வாறு பிரிக்கப்பட்டிருந்தது என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுகிறேன். மத்திய அரசு நூற்றுக்கு 50, மாநில அரசு 25, பயன்பெறுவோர் 15, வங்கிக் கடன் 10. அதாவது, பயன்பெறுவோர் முதலில் திரட்டிக் காட்ட வேண்டியது நூற்றுக்குப் பதினைந்து. இந்தப் பதினைந்தை யார், எந்த அமைப்பின் பெயரால் திரட்டுவது என்ற கேள்விக்கு விடை இல்லாத ஊரில் எத்திட்டமும் கோப்போடு நின்றுவிடும்.

நம்மிடம் பணம் ஏது என்று சொல்வோருக்கு 2012-ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணை என்ற பெயரில் திரட்டப்பட்ட பணம் நம் கிராமங்களின் பணந்தான். கோழியும் மாடும் போதாதென்று ஆஸ்திரேலியப் பறவையை நம்பினோம்! ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினால் குஞ்சும் தீவனமும் தந்து மாதம் ஆறாயிரமும் தருவோம் என்றார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 48 வீதம் தரும் நேர்மையான தொழில் இவ்வுலகில் எது என்று எவரும் கேட்கவில்லை. கடைசியில் பண்ணையார்கள் மறைந்தனர். பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசுக் கால்நடைத் துறை தீவனம் இட நேர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லித் திரட்டிய நிறுவனமும் பல நூறு கோடியோடு கவிழ்ந்தது. ஆகவே பணம் இருக்கிறது. அதைப் போடத்தக்க இடத்தை நாம் உண்டாக்கி வைக்கவில்லை என்பதே உண்மை.

நான் கருதும் அமைப்பு இது. நெசவாளர் சங்கங்களின் சாயச்சாலைகளும் தனியார் பட்டறைகளும் தாம் அனுப்பும் கழிவுநீரின் அளவுக்கேற்பப் பங்கு மூலதனம் போட வேண்டும். மூலதனம் எவ்வளவாயினும் கூட்டுறவு முறைப்படி ஒருவருக்கு ஒரே வாக்கு. வாய்க்கால் பாசன விவசாயிகள் நூறு ரூபாய்ப் பங்கு எடுத்து அங்கத்தினராக வேண்டும். சட்டத்தில் இணை அங்கத்தினர் என்று ஒரு வகை உண்டு. அவருக்கு வாக்குரிமை இல்லை. அந்த வகையில் விவசாயிகளைச் சேர்த்து ஆசனம் அளித்ததாகக் காட்டிவிடலாகாது. வாக்குள்ள முழு அங்கத்தினராக அவர்கள் இருத்தல் வேண்டும்; நிர்வாகக் குழுவில் அவர்களுக்கென்று இடங்கள் துணைவிதியிலேயே குறிக்கப்பட வேண்டும். நீரைச் சோதிக்கும் அறையின் சாவி ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும். சேமிப்பாளர்களின் பணத்தை நேரடியாக இதில் இழுக்க நான் விரும்பவில்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் அவர்கள் வைப்பு வைக்கட்டும். 2020 பிப்ரவரி முதல் அவ்வைப்புக்கு ரூ. 5 இலட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த வங்கி ஆராய்ந்து நிலையத்துக்குக் கடன் கொடுக்கட்டும். கோவையில் தி. அ. இராமலிங்கம் செட்டியார் போன்றோர் மத்திய வங்கியை வளர்த்தது ஊர்ப் பணம் ஊர்த் தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகவேயன்றி, நகைக் கடன் மட்டும் கொடுப்பதற்காக அன்று.

சாயமிடுவோர் செய்யும் அழுக்கைக் கழுவ விவசாயி ஏன் பணம் போட வேண்டும் என்று கோபத்துடன் கேட்ட ஒரு மஞ்சள் விவசாயியை அண்மையில் ஒரு சங்கப் பேரவையில் கண்டேன். கேள்வி நியாயமானதே. அவர் போடும் நூறு ரூபாய் கழுவுவதற்கான செலவு அன்று. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமைக்கான விலை. சுத்திகரிப்புச் செலவு முழுவதையும் சாயமிடுவோரே ஏற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால் சாயக்கூலி உயரும். சென்னிமலைப் படுக்கை விரிப்பின் விலையும் பவானி ஜமக்காளத்தின் விலையும் சிறிது ஏறும். இதை மறைத்துப் பேசுவது அங்கத்தினர்களை ஏமாற்றுவதாகும். நெசவாளியின் கூலியில் கைவைத்து இந்தச் செலவை ஈடுகட்ட எந்தச் சங்கமாவது முயன்றால் அதை முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். விற்பனை விலையில் ஏற்றுவதே முறை. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது நெசவாளிக்கு நியாய விலை பெற்றுத் தருவதற்கே. ஆற்றைக் கெடுக்காத துணி என்று சொல்லி விற்கும் வாய்ப்பை அது தேடிக்கொள்ளலாம்.

இலாபத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய நிலையம் பெரிய இலாப ஈவு தராது. சில ஆண்டுகள் ஒன்றுமே தராது. இயந்திரம் பழுதாகும், சவ்வுகளை மாற்ற வேண்டும், மின்கட்டணம் மிகுதி. திருப்பூரில் மூடல் வந்தபோது நிலையங்களின் கடன் தவணைகள் நின்றுபோயின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 வீதம் வரி விதித்தபோது அந்நகரின் ஏற்றுமதிப் பட்டறைகள் திகைத்ததையும் கண்டோம்; வேலை குறையும் மாதத்திலும் நிலையத்தின் நிலைச்செலவு குறைவதில்லை. இவற்றுக்கெல்லாம் தனியாக ஒரு சேமநிதி முதலாண்டிலிருந்தே ஒதுக்கப்படாவிட்டால் இம்முயற்சியில் இறங்க வேண்டாம் என்றே கூறுவேன்.

அடுத்த பேரவைக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் இரண்டு பொருள்களைச் சேர்க்கலாம். தன் சாயச்சாலையிலிருந்து நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் வெளியேறுகிறது, அது எங்கே போகிறது என்பது ஒன்று. அந்த நீர் சென்றடையும் கிராமத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் நிர்வாகிகளை அந்தக் கூட்டத்துக்கு அழைப்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு எண் எழுதிக் கொடுக்கக்கூடிய சங்கத்தை நான் ஆய்வு செய்த இடங்களில் இதுவரை கண்டதில்லை. அளவுமானி ஒன்றைக் குழாயில் பொருத்தினால் ஒரு மாதத்தில் விடை கிடைத்துவிடும்.